மலைக்காரர் பதில்கள்: பனியில் தடமில்லை, புல்லில் தடம் போகாது

மார்கழி பிறந்ததும் எல்லாருக்கும் மலை ஞாபகம் வந்துவிடுகிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குளிரைப் பற்றியவை. எனவே யானைக் கேள்விகளையும் ஏலக்காய்க் கேள்விகளையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்திருக்கிறேன்.

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் வேலை பார்க்கிறான். விடுமுறை வந்தால் நண்பர்களோடு காலில் முறம் மாதிரி எதையோ கட்டிக்கொண்டு, பாதையே இல்லாத பனிக்காட்டில் மலை ஏறப் போய்விடுகிறான். "சின்ன மலைதான் அம்மா" என்கிறான். எனக்குத் தூக்கம் போய்விட்டது. இது என்ன விளையாட்டு? ஆபத்தா, இல்லையா?
— ஒரு தாய், கம்பம்

முறம் என்று நீங்கள் சொன்னதைவிட நன்றாக யாரும் சொல்லிவிட முடியாது, அம்மா. அதன் பெயர் ஸ்னோஷூ. வட அமெரிக்கப் பழங்குடி மக்கள் ஆஷ் மரத்தை வளைத்துச் சட்டம் செய்து, தோல் வாரை வலையாகப் பின்னிக் காலில் கட்டிக்கொண்டு வேட்டைக்குப் போனார்கள். இப்போது கடையில் கிடைப்பது அலுமினியச் சட்டமும் பிளாஸ்டிக் விரிப்பும். பாதத்துக்கு அடியில் பனிக்கட்டியைக் கவ்வுவதற்கு உலோகப் பற்கள் இருக்கும். செங்குத்தான ஏற்றத்தில் குதிகாலைத் தாங்கிக்கொள்ள ஒரு கம்பியைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம், கெண்டைக்கால் பிழைக்கும். ஆழமான பனியில் வெறும் பூட்ஸோடு கால் வைத்தால் தொடைவரை இறங்கிவிடும். அதே எடை நான்கைந்து மடங்கு பரப்பில் பரவினால் கணுக்காலோடு நிற்கும். நேற்று விழுந்த புதுப்பனி என்றால் ஸ்னோஷூவோடும் முழங்கால்வரை போகும். அதை விற்பவர்கள் சொல்வதில்லை.

என் மகள் வீடு அந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. ஒரு தை மாதம் மருமகனின் நண்பர்களோடு நானும் அப்படி ஒரு மலைக்குப் போனேன். பெயர் சொன்னால் அந்த ஊர்க்காரர்களுக்கே தெரியாத மலை. நம் போடிமெட்டு உயரம்கூட இராது. கீழே பீச், பர்ச் மரங்கள் இலை உதிர்த்து நிற்கும். அவற்றுக்கிடையே எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம். புதர், கல், விழுந்த மரம் எல்லாவற்றையும் பனி மூடிவிடுவதால் கோடையில் நுழைய முடியாத இடமும் குளிர்காலத்தில் திறந்துவிடுகிறது. பாதையில்லாத மலைகளுக்குக் குளிர்காலத்தைத் தேர்ந்தெடுப்பது அதனால்தான். உச்சியை நெருங்க நெருங்க ஸ்ப்ரூஸ், ஃபர் மரங்கள் தோளோடு தோள் உரசி நிற்கும். கிளையைத் தள்ளினால் அதன்மேல் இருக்கும் பனி முழுவதும் உங்கள் கழுத்துக்குள் இறங்கும். முன்னால் போகிறவர் கிளையை விட்டால் அது பின்னால் வருகிறவர் கண்ணில் அறையும். கண்ணாடி போடாமல் அந்தக் காட்டுக்குள் போகக் கூடாது.

ஆபத்து எங்கே இருக்கிறது என்று கேட்டீர்கள். கட்டை ஸ்ப்ரூஸ் கன்றுகளைப் பனி முழுவதுமாக மூடிவிடும். கிளைகளுக்கு அடியில் பனி சேராமல் பள்ளம் இருக்கும். மேலே பார்த்தால் சமதரை. கால் வைத்தால் இடுப்புவரை உள்ளே போய்விடுவோம். ஸ்னோஷூவின் நுனி கிளைகளுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். இழுத்தால் வராது, குனிந்து கையால் தோண்டித்தான் எடுக்க வேண்டும். தனியாகப் போனவனுக்கு அது பெரிய ஆபத்து. கூட ஆள் இருந்தால் பத்து நிமிட வேலை, கொஞ்சம் சிரிப்பு. இன்னொன்று வியர்வை. இது நம்மவர்களுக்குச் சட்டென்று விளங்காது. பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து டிகிரியில் குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு ஏறினால் பத்தே நிமிடத்தில் உள்சட்டை நனைந்துவிடும். நின்றவுடன் அந்த ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். பருத்தி அந்த ஊரில் எதிரி. கம்பளி அல்லது பாலியெஸ்டர்தான். கிளம்பும்போது கொஞ்சம் குளிர வேண்டும்; அதுதான் சரியான உடை.

மகனிடம் "பத்திரமாக இரு" என்று சொல்லாதீர்கள், "சரி அம்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிடுவான். அதற்குப் பதிலாக, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று கிளம்பும் முன்பே முடிவு செய்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். டிசம்பரில் அங்கே மாலை நாலேகால் வாக்கில் சூரியன் மறைந்துவிடும். தலையில் மாட்டும் விளக்கு பையில் இருக்கிறதா என்று கேளுங்கள். எந்த மலை, எந்தப் பக்கம் என்று ஊரில் இருக்கும் யாரிடமாவது எழுதிக் கொடுத்திருக்கிறானா என்று கேளுங்கள். கடைசியாக, ஹைக் சேஃப் அட்டை வாங்கியிருக்கிறானா என்று கேளுங்கள். அந்த மாநிலத்தில் அலட்சியமாகப் போய் மாட்டிக்கொண்டால் மீட்புச் செலவை மாட்டிக்கொண்டவரிடமே வசூலிக்கச் சட்டம் இருக்கிறது. 2015 முதல் விற்கப்படும் அந்த அட்டை ஒரு ஆளுக்கு 25 டாலர். வைத்திருந்தால் சாதாரண அலட்சியத்துக்கு அந்தக் கட்டணம் கிடையாது. இந்தக் கேள்வியை அம்மா கேட்டாள் என்றால் பையன் ஆடிப்போய்விடுவான். நாலுக்கும் பதில் வந்துவிட்டதென்றால் நீங்கள் தூங்கலாம்.

கேள்வி: ஆனைமுடி 2,695 மீட்டர். காஷ்மீரின் குல்மார்க் ஏறத்தாழ 2,650 மீட்டர்தான். அங்கே ஆள் உயரத்துக்குப் பனி விழுகிறது. ஆனைமுடியில் ஏன் விழுவதில்லை?
— கல்லூரி மாணவர், போடிநாயக்கனூர்

நல்ல கேள்வி, தம்பி. உயரம் பாதிக் கதைதான். குல்மார்க் 34 டிகிரி வடக்கில் இருக்கிறது. நாம் 10 டிகிரியில் இருக்கிறோம். மார்கழியிலும் நம் தலைக்கு மேல் வெயில் காய்கிறது. இன்னொரு காரணம் ஈரம். காஷ்மீருக்குக் குளிர்காலத்தில் மேற்கிலிருந்து மழைமேகம் வருகிறது; கடுங்குளிரும் ஈரமும் சேர்ந்து வருவதால் பனியாக விழுகிறது. நமக்குக் குளிர் உச்சத்தில் இருக்கும் தை மாதத்தில் வானம் துடைத்துவிட்டதாக இருக்கிறது. மழை வரும்போது குளிர் போதாது, குளிர் வரும்போது மழை இல்லை.

மூணாறில் வெள்ளையாகப் படர்வது உறைபனி. அது வானத்திலிருந்து விழுவதில்லை. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. புல்லின் நுனி, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. காற்றில் இருக்கும் ஈரம் அதன்மேல் நேராகப் பனிக்கட்டியாகப் படிகிறது. குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் உச்சியைவிடப் பள்ளத்தில்தான் உறைபனி அதிகம். செண்டுவாரையிலும் செவன்மலையிலும் வெள்ளையாக இருக்கும்போது மேலே மேட்டில் வெறும் பனித்துளி மட்டும் இருப்பதைப் பார்க்கலாம். உறைபனி பார்க்க உச்சிக்கு ஏறுகிறவர்கள் தப்பான திசையில் ஏறுகிறார்கள்.

ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நியூ ஹாம்ப்ஷயரின் மிக உயர்ந்த வாஷிங்டன் மலை 1,917 மீட்டர்தான். நம் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் அதைவிட உயரம். ஆனால் 1934 ஏப்ரல் 12 அன்று அந்த உச்சியில் மணிக்கு 372 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அளக்கப்பட்டது. மீட்டரை மட்டும் வைத்து மலையை எடை போடாதீர்கள்.

கேள்வி: நாங்கள் ஏழு நண்பர்கள். வெளிநாட்டில் பனியில் பாதையில்லாமல் ஏறும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, பொங்கல் விடுமுறையில் குரங்கணிப் பக்கம் ஒரு சின்ன மலையில் அதே மாதிரி பாதையில்லாமல் ஏறலாம் என்று திட்டம். வழிகாட்டி வேண்டாம், எங்களிடம் கைபேசி வரைபடம் இருக்கிறது. என்னவெல்லாம் எடுத்துச் செல்ல வேண்டும்?
— ஒரு வாசகர், சின்னமனூர்

எதையும் எடுத்துச் செல்ல வேண்டாம். வீட்டில் இருங்கள்.

கோபத்தில் எழுதவில்லை, காரணம் சொல்கிறேன். பனிக்காட்டில் பாதையை விட்டு நடப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. காலுக்கும் மண்ணுக்கும் நடுவில் மூன்றடிப் பனி. செடி மிதிபடுவதில்லை, மண் அரிப்பதில்லை. அடுத்த பனி விழுந்தால் தடமும் போய்விடும். நம் மலையில் அந்த மூன்றடி கிடையாது. புல்மேட்டில் ஏழு பேர் ஒரே சரிவில் ஏறினால் அது பாதை. அடுத்த வாரம் அதைப் பார்த்து இன்னும் ஏழு பேர் வருவார்கள். இரண்டு மழைக்காலத்தில் அது ஓடை. தோட்டத்தில் கள அலுவலராக இருந்த காலத்தில் கொழுந்துக் கூடையோடு போகும் ஒற்றையடிப் பாதைகளே மண்ணை எப்படி இழுத்துக்கொண்டு போகும் என்று பார்த்தவன் நான். குறிஞ்சிச் செடி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். கடைசியாக 2018, அடுத்தது 2030. இடையில் அது வெறும் புதராக நிற்கும், உங்களுக்கு அடையாளம் தெரியாது, மிதித்துக்கொண்டு போவீர்கள்.

பாதையில்லாத இடம் என்று நீங்கள் நினைப்பது உங்களுக்குப் பாதையில்லாத இடம். யானைக்கு அங்கே பாதை இருக்கிறது. இங்கே வாழும் முதுவர் பழங்குடி மக்களுக்குப் பாதை இருக்கிறது. சோலைக்குள் பத்தடிக்கு மேல் கண் தெரியாது. ஒற்றை யானை அசையாமல் நின்றால் தெரியவே தெரியாது. 2023இல் சின்னக்கானலிலிருந்து பெரியாறுக்குக் கொண்டுபோய் விட்ட அரிக்கொம்பன் யானை ஒரே மாதத்தில் கம்பம் தெருவுக்கே வந்து நின்றது உங்கள் பக்கத்து ஊரில்தானே? அவனுக்கு வழி தெரிந்த அளவுக்கு உங்கள் கைபேசிக்குத் தெரியாது.

பொங்கலுக்குப் பிறகு புல் காயத் தொடங்குகிறது. குரங்கணியின் பெயரைச் சொல்லிவிட்டு 2018 மார்ச் 11ஐ எப்படி மறந்தீர்கள்? கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கி வந்தவர்களைச் சரிவில் காட்டுத்தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த புல்லில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதன் ஏறி ஓட முடியாது. பனிமலையில் வழி தவறினால் உங்கள் தடத்திலேயே திரும்பி வரலாம். புல்மேட்டில் மூடுபனி இறங்கினால் திரும்பிப் பார்க்கத் தடமே இருக்காது. அனுபவம் வாய்ந்தவர்களும் அந்தப் பக்கத்துப் பாறை விளிம்பில் உட்கார்ந்து மூடுபனி விலகக் காத்திருந்திருக்கிறார்கள்.

சட்டமும் இருக்கிறது. காப்புக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். மலை முகடுதான் மாநில எல்லை. நாலடி தாண்டினால் கேரள வனத்துறையின் வழக்கும் சேர்ந்துகொள்ளும். குரங்கணிக்குப் பிறகு 2018இலேயே தமிழ்நாடு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 வழித்தடங்களை இணையத்தில் பதிவு செய்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியோடு போகும்படி திறந்திருக்கிறார்கள். மீசப்புலிமலைக்குக் கேரள வன வளர்ச்சிக் கழகத்தில் பதிவு செய்து போகலாம். "அதில் எல்லாரும் போகிறார்களே, என்ன சாகசம்?" என்று நினைப்பீர்கள். முதலில் அதில் ஒன்றை மூச்சு வாங்காமல் ஏறிவிட்டு எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: வரைபடம் கைபேசியில் இருக்கும்போது திசைகாட்டி எதற்கு?
— ஒரு வாசகர், தென்காசி

கடுங்குளிரில் பேட்டரி கண்முன்னே இறங்கிவிடும். பனிக்காட்டுக்குப் போகிறவர்கள் கைபேசியைச் சட்டைக்குள், உடம்பை ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள். அடிக்கடி எடுத்துப் பார்ப்பதில்லை. திசைகாட்டிக்குச் சூடும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். ஆனால் நம் ஊர்ப் பழக்கத்தோடு அங்கே போனால் ஏமாற்றும். தென்னிந்தியாவில் காந்த வடக்கும் உண்மை வடக்கும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் நாம் அந்த வித்தியாசத்தைக் கவனிப்பதே இல்லை. நியூ ஹாம்ப்ஷயரில் முள் ஏறத்தாழ 14 டிகிரி மேற்கே காட்டும். திருத்தாமல் நடந்தால் ஒரு கிலோமீட்டருக்கு 250 மீட்டர் விலகிவிடுவோம். ஸ்ப்ரூஸ் காட்டில் 250 மீட்டர் என்பது ஒரு மணி நேரம்.

கேள்வி: நண்பர்களோடு மலை ஏறும்போது யார் முன்னால் போவது என்பதிலேயே சண்டை வந்துவிடுகிறது. என்ன செய்வது?
— ஒரு வாசகர், செங்கோட்டை

பனிக்கு அனுப்புங்கள், சண்டை தீர்ந்துவிடும். முன்னால் போகிறவர்தான் புதுப்பனியை மிதித்துத் தடம் போட வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் காலை இடுப்புவரை தூக்க வேண்டும். பின்னால் வருகிறவருக்கு ஏறத்தாழ நடைபாதை. அதனால் அங்கே யாரும் முன்னால் போகப் போட்டி போடுவதில்லை. சில நிமிடம் தடம் போட்டவர் ஒதுங்கி நின்று, எல்லாரையும் போகவிட்டுக் கடைசியில் சேர்ந்துகொள்வார். அடுத்தவர் பொறுப்பு ஏற்பார். யாரும் கட்டளையிடுவதில்லை.

எங்கள் குழுவில் வேகமாக நடப்பவன் மருமகன். முடிவெடுத்தது அவன் இல்லை. ஒரு செவிலிப் பெண். குழுவில் ஆகச் சிறிய உருவம் அவளுக்குத்தான். மதியம் ஒன்றரைக்குத் திரும்புவது என்று காரிலேயே பேசியிருந்தோம். ஒன்றரை ஆனபோது உச்சி மரங்களுக்கிடையே தெரிந்தது. இன்னும் முக்கால் மணி நேரம் என்றான் மருமகன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பெயரைக் கேட்டாள், ஊரைக் கேட்டாள், கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டச் சொன்னாள். குளிர் ஏறியவனுக்கு முதலில் நாக்குக் குழறும், விரல் தடுமாறும், ஆனால் தான் நன்றாக இருப்பதாகவே சொல்லிக்கொண்டிருப்பான். அதனால் அவனைக் கேட்பதில்லை, செய்யச் சொல்லிப் பார்ப்பதுதான் முறை. சூரியநெல்லி என்பதைச் சொல்லி முடிக்க எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அந்தப் பெயர் அவளுக்குப் புதிது என்பதால் அதை வைத்து முடிவு செய்ய முடியாது என்று மருமகன் வாதாடினான். அவள் ஸ்னோஷூவைத் திருப்பி வைத்துக்கொண்டு கீழே பார்த்து நின்றாள். அதோடு பேச்சு முடிந்தது. போட்ட தடத்திலேயே இறங்கியதால் ஏறியதில் பாதி நேரம்கூட ஆகவில்லை.

உங்கள் குழுவில் அப்படி ஒருவர் இருந்தால் யார் முன்னால் போனாலும் கவலையில்லை. இல்லையென்றால் மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள்.

கேள்வி: அங்கே சாப்பாட்டுக்கு என்ன கொண்டுபோனீர்கள்?
— ஒரு வாசகி, பாலக்காடு

மருமகன் டப்பாவில் எலுமிச்சைச் சாதம் கொண்டுவந்தான். மேலே போய்த் திறந்தால் கரண்டி இறங்கவில்லை. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் பிரமாதம். அது எப்போதும் கடினம்தான், குளிரால் அதற்கு ஒன்றும் குறையவில்லை. பிளாஸ்கில் சுக்குக் காப்பி. தண்ணீர்ப் பாட்டிலைத் தலைகீழாக வைக்க வேண்டும். பனிக்கட்டி மேல்பக்கம்தான் முதலில் பிடிக்கும், திருப்பினால் வாய்ப்பக்கம் தண்ணீராக இருக்கும். உட்கார்ந்து சாப்பிடும் வழக்கம் இல்லை. நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். நம் ஆட்களுக்கு இதுதான் பெரிய தண்டனை.

கேள்வி: அமெரிக்கா போக வசதியில்லை. இந்தியாவிலேயே பனியில் நடந்து பார்க்க எங்கே போகலாம்? ஸ்னோஷூ வாங்கிவிடலாமா?
— ஒரு வாசகர், மார்த்தாண்டம்

வாங்காதீர்கள், மார்த்தாண்டத்தில் பரணில்தான் கிடக்கும். உத்தரகண்டில் சாங்க்ரியிலிருந்து கேதார்காந்தா மலைக்கு டிசம்பர் முதல் பனியில் கூட்டிப்போகிறார்கள். மிதிபட்ட தடம் என்பதால் அங்கே பெரும்பாலும் ஸ்னோஷூ தேவைப்படாது. பூட்ஸுக்கு அடியில் மாட்டும் பல்லும், முழங்காலுக்குக் கீழே பனி புகாமல் கட்டும் உறையும் போதும், வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் உச்சி ஏறத்தாழ 3,800 மீட்டர். நியூ ஹாம்ப்ஷயர் மலையில் இல்லாத தொல்லை அங்கே உண்டு: மூச்சு. 2,500 மீட்டருக்கு மேல் தலைவலியும் குமட்டலும் வந்தால் வீரம் பேசாமல் ஏறுவதை நிறுத்துங்கள். குறையாவிட்டால் இறங்கிவிடுங்கள். கடல் மட்டத்திலிருந்து போகிறவர் நீங்கள்.

கேள்வி: எனக்கு 56 வயது, முழங்கால் வலி. ஏறலாமா?
— ஒரு வாசகி, குமுளி

ஏறுவது பிரச்சினை இல்லை, இறங்குவதுதான். இரண்டு ஊன்றுகோல் வைத்துக்கொள்ளுங்கள், டாக்டரைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள். என் முழங்கால் உங்களுடையதைவிட மோசம்.

கேள்வி: நான் கொழுந்து எடுப்பவள். உறைபனி விழுந்தால் எங்களுக்கு வேலை குறைகிறது. ஆனால் அன்றைக்குத்தான் கார் கார் என்று வந்து இறங்கி, வெள்ளைப் புல்லில் ஓடியாடிப் படம் எடுக்கிறார்கள். இவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?
— ஒரு தோட்டத் தொழிலாளி, மூணாறு

சொல்கிறேன், தாயி. படிக்கிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். உறைபனி பிடித்த கொழுந்து, வெயில் பட்டதும் கருகிவிடும். புதுக் கொழுந்து துளிர்க்க வாரங்கள் ஆகும். அதுவரை கூடுதல் கிலோவுக்குக் கிடைக்கும் காசு இவர்கள் கைக்கு வராது. சில்வர் ஓக் நிழல் இருக்கும் மலையில் பாதிப்புக் குறைவு. திறந்த பள்ளத்தில் மொத்தமும் போகும். உறைந்திருக்கும் புல்லை மிதித்தால் தாள் உள்ளுக்குள் ஒடிகிறது. பகலில் பார்த்தால் உங்கள் காலடி பழுப்பாகத் தெரியும், பல நாள் அப்படியே நிற்கும்.

வண்டியைத் தார்ச் சாலையில் நிறுத்துங்கள். சாலையில் நின்றே பாருங்கள். ஏழு மணிக்குள் வந்தால் அங்கிருந்தே நன்றாகத் தெரியும், வெயில் ஏறினால் எங்கிருந்து பார்த்தாலும் இருக்காது. தேயிலைக்குள் இறங்காதீர்கள். ஹாரன் அடிக்காதீர்கள், அந்த நேரத்தில் லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கும். டீயை அங்கே இருக்கும் பெட்டிக்கடையில் குடியுங்கள், கிளாஸை அவரிடமே திருப்பிக் கொடுங்கள்.